முன்கூட்டியே கொண்டாடிய தேசிய நாள்

என் வீட்டுக்காரர் குடும்பங்களை மகிழ்விப்பவர். ஊரில் இருக்கிற குடும்பங்களைச் சொல்கிறேன். ஒரு நாளிதழில் குடும்பப் பக்கத்துக்கு அவர்தான் ஆசிரியர். பிள்ளைகளோடு எப்படி விளையாடுவது, மனைவி பேசும்போது எப்படிக் காது கொடுப்பது என்றெல்லாம் பொழுது சாய்கிற வரைக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து உருகி உருகி எழுதுவார். வீட்டுக்கு வந்தால் விளையாடவும் தெம்பிருக்காது, காது கொடுக்கவும் தெம்பிருக்காது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'குடும்பஸ்தர்'. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷா வருஷம் தேசிய நாள் வந்தால் 'வீட்டிலேயே கொண்டாடப் பத்து வழிகள்' என்று ஒரு கட்டுரை வரும். காகிதக் கொடி செய்யுங்கள், உருளைக்கிழங்கை வெட்டி வண்ணம் தொட்டு அச்சுக் குத்துங்கள், தட்டைத் தட்டிக்கொண்டு வரவேற்பறையிலேயே அணிவகுப்பு நடத்துங்கள், இப்படிப் போகும். பத்தாவது வழி மட்டும் எந்த வருஷமும் மாறாது. 'அப்பாக்களே, இன்று ஒருநாள் கைபேசியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு இருங்கள்.' இதை எழுதிய அப்பா அன்றைக்கு எங்கே இருப்பார்? அலுவலகத்தில். அவர் பேச்சைக் கேட்டுக் கொண்டாடிய புண்ணியவான்கள் படம் பிடித்து அனுப்புவார்களே, அதில் நல்லதைப் பொறுக்க ஆள் வேண்டாமா? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு வயது ஆறு. எங்கே குத்த வேண்டுமோ சரியாக அங்கே குத்துவாள் என்பதால் குண்டூசி என்று கூப்பிடுவோம். இந்த வருஷம் அவளை மடியில் உட்கார வைத்து, தேசிய நாள் லீவுக்கு அப்பா உன்னோடுதான் என்று சத்தியம் செய்து கொடுத்தார். அவள் அதை வகுப்பு டீச்சரிடம் சொன்னாள், பள்ளி வேன் டிரைவரிடம் சொன்னாள், கீழ்வீட்டுக்காரர்களிடம் தினமும் சொன்னாள். நான் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவள். நாளைக்கே காசு கொடுத்துவிடுகிறேன் என்று மாத்திரை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு நம்பிக்கை என்ற சரக்கு தீர்ந்து ரொம்ப நாளாகிறது. குழந்தையிடம் நிறைய இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

இதற்கிடையில் அவருடைய நாளிதழின் தலைமை ஆசிரியருக்கு ஞானோதயம் வந்தது. காசு கொடுத்து வாங்குகிற படங்களில் எல்லாரும் பற்பசை விளம்பரத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்களாம். இந்த வருஷம் நிஜக் குடும்பம் வேண்டுமாம். நிஜக் குடும்பத்துக்கு எங்கே போவது? அதுதான் குடும்பஸ்தர் இருக்கிறாரே! பக்கம் முன்னாடியே அச்சுக்குப் போய்விடும் என்பதால், தேசிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டில் தேசிய நாள் வந்துவிட்டது.

காலையிலேயே போட்டோகிராபர் வந்தார். பாவம், நல்ல மனுஷன். குண்டூசி அவரை உடனே 'போட்டோ மாமா' ஆக்கிக்கொண்டாள். காய்ந்துகொண்டிருந்த துணிகளை என் வீட்டுக்காரர் அள்ளிப் படுக்கையறைக்குள் வீசினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதைவிடக் கொஞ்சம் சந்தோஷமான முகம் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றொன்றாக விரித்துக் காட்ட இது என்ன துணிக்கடையா? பிறகு இடுப்பில் என் சமையல் துணியைக் கட்டிக்கொண்டு 'அப்பா சமைக்கிறார்' படத்துக்கு நின்றார். பற்றவைக்காத அடுப்பில், காலிப் பாத்திரத்தில், அவ்வளவு பக்குவமாகக் கிண்டினார். நான்தான் உப்புப் போட்டீர்களா என்று கேட்டேன்.

ஆனால் குழந்தையைப் பார்க்க வேண்டுமே! தட்டைத் தட்டினாள், கொடி ஒட்டினாள், அச்சுக் குத்துகிறேன் என்று அப்பாவின் கன்னத்திலேயே குத்தினாள். அவர் எழுதினதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நான் நினைத்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு மதியம் வரைக்கும் அது நன்றாகத்தான் வெந்தது.

கடைசியாக வரைபட விளையாட்டு. நாட்டின் வரைபடத்தை அட்டையில் ஒட்டித் துண்டு துண்டாக வெட்டிவைத்திருந்தார். அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து சேர்த்தார்கள். சேர்க்கும்போது வலது பக்க மூலை ஒன்று வழுக்கி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. குச்சி கொண்டுவந்து எடுக்கலாம் என்றாள் குண்டூசி. ஜன்னல் வெளிச்சம் மாறுகிறது என்றார் போட்டோ மாமா. எங்கள் குடும்பஸ்தர் ஒரு நொடி யோசித்துவிட்டு, ஓட்டை இருந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டார்.

"அப்புறமா எடுத்துக்கலாம்டா கண்ணு. இப்ப அசையாம சிரி."

அவள் அசையாமல் சிரித்தாள். கேமரா கிளிக் என்றது. போட்டோ மாமா பையை மூடினார். இவரும் தன் பையை மாட்டிக்கொண்டார். அலுவலகத்துக்குப் போய்ப் பக்கம் போட வேண்டுமாம், ஞாயிறாவது திங்களாவது. குண்டூசி வண்ணக் கையோடு வாசலில் நின்று வண்டி திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். ஃப்ரிட்ஜுக்கு அடியில் போன மூலையை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, கோபத்தில்.

நிஜமான தேசிய நாளும் வந்தது. குழந்தை எழுந்திருக்கும் முன்பே அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சத்தியம் என்னவாயிற்று என்று கேட்டேன். படங்கள் வந்து குவிகிறதாம், மதியத்துக்குள் ஓடிவந்துவிடுவாராம். அவருடைய மதியம் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? பூனை மாதிரி கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

டீயோடு உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். அரைப் பக்கத்துக்கு அப்பாவும் மகளும், வரைபடத்தின் மூலையில் அவர் கட்டைவிரல். 'விடுமுறை நாளில் மகளோடு நம் குடும்பப் பக்க ஆசிரியர்' என்று கீழே போட்டிருந்தது. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து குண்டூசி வந்தாள். பள்ளிச் சீருடை, முதுகில் பை, ஷூவைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள்.

இன்றைக்கு லீவு, கழற்று என்றேன். அவள் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"லீவு அன்னைக்கே முடிஞ்சிருச்சும்மா. அன்னைக்குத்தானே அப்பா இருந்தாரு."

இல்லை, இன்றைக்குத்தான் நிஜ லீவு, பார், தெருவில் வேன்கூட வரவில்லை என்று பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தெரு காலியாகக் கிடந்தது. நடு ரோட்டில் ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. அவள் நாயைப் பார்த்தாள். உள்ளே போய்ப் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யோசித்தாள்.

"அப்ப போட்டோ மாமாவைக் கூப்பிடும்மா. அவரு வந்தாத்தான் அப்பா வருவாரு."

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிஷம் நின்றேன். அழுகை அடங்கினதும் ஆத்திரம் வந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு அன்றைக்குத்தான் புத்தி வேலை செய்தது. குழந்தைக்குக் கேட்கும்படியாகவே அவருக்குப் போன் போட்டேன்.

வேலையாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தார். ஆரம்பிக்க விடவில்லை.

"நீங்க கட்டைவிரலால மறைச்சீங்களே, அந்த மூலை நம்ம நாட்டுல இருக்கா இல்லையா? கேக்குறாங்க."

யார் கேட்கிறார்கள் என்றார் மெதுவாக. கீழ்வீட்டில் கேட்டார்கள், எதிர்வீட்டில் கேட்டார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே கேட்கும் என்றேன். போட்டோகிராபர் இங்கேதான் வந்துகொண்டிருக்கிறார், முழு வரைபடத்தோடு வேறு படம் எடுத்து இணையத்திலாவது மாற்றிவிடலாமாம் என்றும் அளந்துவிட்டேன். மருந்துக்கடையில் இத்தனை வருஷம் நின்றதில், எந்த மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெரியும். பெற்ற பிள்ளைக்குச் செய்த சத்தியத்துக்கு வராத மனுஷன், ஒரு அட்டைத் துண்டுக்காக டாக்ஸி பிடித்து ஓடிவந்தார்.

வாசலிலேயே, எங்கே போட்டோகிராபர், எங்கே அவர் என்றார். முகமெல்லாம் வேர்வை. குண்டூசி இன்னும் சீருடையில்தான் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார வைத்தாள். வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். அவருடைய கட்டைவிரலை எடுத்து ஓட்டை மேல் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தாடையை நிமிர்த்தி, அந்தப் படத்தில் இருக்கிற அதே சிரிப்பை அப்படியே எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு, பல் தெரிகிற சிரிப்பு கலையாமல் என்னிடம் சொன்னாள்.

"போட்டோ மாமாவை மெதுவா வரச் சொல்லும்மா. அவரு எடுத்து முடிச்சிட்டா அப்பா கிளம்பிருவாரு."

அவர் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நானும் பார்த்தேன்.

"ரோட்டுல ஒரே கூட்டமாம். வர லேட்டாகும்," என்றேன்.

அவர் திரும்பி பால்கனி வழியாகப் பார்த்தார். நாய் இன்னும் நடு ரோட்டில்தான் படுத்திருந்தது. பத்திரிகைக்காரர், புரியாமலா போகும்? கட்டைவிரலை எடுத்துவிட்டு எழுந்து, துடைப்பத்தைக் கொண்டுவந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் குப்புறப் படுத்தார். ஒட்டடை வந்தது, என் பழைய கம்மல் ஒன்று வந்தது, வெங்காயச் சருகு வந்தது. மேசை மேல் அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

குண்டூசி இடத்தை விட்டு நகரவில்லை. கன்னம் வலித்திருக்கும், சிரிப்பு லேசாக நடுங்கியது.

"நான் அசையலாமாப்பா?" என்றாள்.

படுத்திருந்த அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. அசையலாம்டி என்று நான்தான் சொன்னேன்.