மதகுக்காரர் ஊட்டு ஜன்னல்

நசரத்பேட்டைக்கு வடக்கே, கூவத்தின் கரையில், வரலாற்றுச் சிறப்புமிக்க மதகுக் காவலர் மாளிகையைப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றும் மகத்தான முயற்சியின் முதல் கட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்குத் துவங்கும் என்றும், அன்பர்கள் திரளாக வருமாறும், வண்டிகளை வாசலை மறிக்காமல் நிறுத்துமாறும், எதிர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத் தலைவர் ரவிச்சந்திரன் பேனர் கட்டி அறிவித்திருந்தார்.

மாளிகை என்பது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். பேனரின் அகலத்துக்குச் சுவர் போதாமல் ஒரு முனையை முருங்கை மரத்தில் கட்டியிருந்தார்கள்.

உள்ளே ஃபக்ருன்னிசா பெருக்கிய தரையையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றைக் கரைகட்டி நேராக்கிய காலத்தில், மதகை ஏற்றி இறக்குகிறவருக்கென்று கட்டிய வீடு அது. அவள் கணவர் அப்துல் முத்தலிப்தான் கடைசி மதகுக்காரர். மதகுக்கு மோட்டார் வந்தது, அவருக்கு ஓய்வு வந்தது, வீட்டைத் திருப்பிக் கேட்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இப்போது புதுப் பாலத்துக்காக இடிக்கப்போகிறார்கள். பழம்பெருமை உள்ள கட்டடம் என்று இன்று பார்க்க வரும் அதிகாரி எழுதினால் வீடு தப்பும், அவர்களும் அதிலேயே இருக்கலாம். ரவிச்சந்திரனுக்கும் அக்கறை உண்டு. பாலம் அவர் பால்கனிக்கு நேரே வருகிறது.

"யாராவது வெள்ளைக்காரத் துரை இங்க தங்கியிருக்காராம்மா?" என்றார் ரவிச்சந்திரன்.

"துரையா? கரண்டு கணக்கு எடுக்க வர்றவரே வெளிய நின்னுகினுதான் எழுதுவாரு சார். உள்ள வந்தா கொசு புடுங்குதாம்."

"ஒரே ஒரு ராத்திரி தங்கினார்னு சொல்லிடுவோம். யார் கேட்கப் போறா?"

"கீறது ஒரே கட்டிலு," என்றார் முத்தலிப். "துரை அதுல படுத்தா மதகுக்காரன் எங்க சார் படுப்பான்? முருங்க மரத்துலயா?"

அதிகாரி கிருபாகரன் வந்தார். சுவரைத் தட்டினார், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ரவிச்சந்திரன் துரையைப் பற்றி வாய் திறப்பதற்குள், "ஜன்னலுக்கு ஏன் திரையே இல்லை?" என்று கேட்டுவிட்டார்.

"அத்த நல்லா கேளுங்க சார்!" ஃபக்ருன்னிசா பிடித்துக்கொண்டாள். "நான் வந்த அன்னிக்கே திரை போட்டேன், இவரு அவுத்துட்டாரு. எங்க மாமியாரு போட்டாங்க, மாமனாரு அவுத்துட்டாரு. அதுக்கு முன்ன இருந்தவரு பொண்டாட்டி ஞானம்மாளு, சண்ட போட்டுகினு அம்மா ஊட்டுக்கே பூட்டாங்களாம். கடைசில நான் மூலைல கொடி கட்டி, சேலயத் தொங்கவுட்டு, அதுக்குள்ள பூந்துதான் துணி மாத்தினேன். ஜன்னலு மட்டும் மகாராசா கணக்கா தொறந்தே கீது!"

முத்தலிப் கட்டிலைத் தட்டிக் காட்டினார். "படுத்துப் பாருங்க சார்."

அதிகாரி செருப்புக் காலை வெளியே தொங்கவிட்டுப் படுத்தார். தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே ஜன்னலுக்குள் ஆறு தெரிந்தது. மதகுத் தூணும், அதில் வெள்ளைச் சுண்ணாம்பில் போட்ட அபாயக் கோடும், கோட்டுக்குக் கீழே தண்ணீரும்.

"தூண் மேல ராப்பூரா லைட்டு எரியும். கண்ணு முழிச்சா மொதல்ல கோடுதான் தெரியணும்," என்றார் முத்தலிப். "தண்ணி அத்தத் தொட்டா ஓடிப்போயி மதகத் தூக்கணும், இல்லாங்காட்டி கீழ்க்கரைக் குடிசைங்க முழுகிடும். மழக்காலத்துல அந்தப் பக்கம் பொரண்டு படுக்கறதே கெடையாது."

அதிகாரி எழுந்திருக்கவில்லை. மூன்று தலைமுறை ஆண்கள் ஒரே பக்கமாகப் படுத்து ஒரு கோட்டைக் காவல் காத்திருக்கிறார்கள். கீழ்க்கரைக் குடிசைகளில் அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும்படியாக ஒரு நாளும் எதுவும் நடக்க விடவில்லை. கோட்டை கட்டி ஆண்டவர்களில் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? ரவிச்சந்திரன்கூடத் துரையை மறந்துவிட்டு, கட்டில் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஃபக்ருன்னிசா, தான் திட்டித் தீர்த்த அந்த ஓட்டையை இவர்கள் கும்பிடாத குறையாகப் பார்ப்பதைப் பார்த்து, முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டாள்.

"எழுதுறேம்மா," என்றார் அதிகாரி, படுத்தபடியே.

எழுதவும் செய்தார், உருகி உருகி. 'குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை' என்று மேலிடம் அதைத் திருப்பி அனுப்பியது.

பாலத்துக் காண்டிராக்டருக்குச் சிமெண்ட் மூட்டை நனையாமல் வைக்கப் பக்கத்தில் வேறு கூரை இல்லாததால், வீட்டை இன்னும் இடிக்கவில்லை.