புழு இல்லாத சளி

ஆய்வுக்கூடத் தலைவிக்கு வந்த ஆத்திரத்தில், கையிலிருந்த சோதனைப் படத்தைக் கசக்கி எறியாததே பெரிய விஷயம். நான்காவது வாரமாக, விழக்கூடாத இடத்தில் அதே கோடு!

வேலை ஒன்றும் பிரம்ம வித்தையில்லை. இரண்டு ஓடைகளில் பிடித்த நண்டுகளிலிருந்து, மனிதரின் நுரையீரலில் தொற்றும் புழுக்களை எடுத்திருந்தார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே அச்சு. மரபணுவைப் படித்தால்தான் இனம் பிரிக்க முடியும். இப்போது நோயாளியின் சளியிலேயே புழுவைக் கண்டுபிடிக்கும் சோதனை; புழுவின் மரபணு இருந்தால் படத்தில் கோடு விழும். கூடவே ஆரோக்கியமான ஆளின் சளியையும் ஓட்டுவார்கள். அதில் கோடே விழக்கூடாது. அந்தச் சளியைக் கொடுத்தவரும் சோதனையை ஓட்டுபவரும் கூடத்து உதவியாளர்தான், ‘நிதானம்’ என்று பெயரெடுத்தவர்.

“என்னண்ணே இது? கையுறை மாத்தினீங்களா இல்லையா?”

“மாத்தினேன் மேடம். சத்தியமா.”

“அப்ப கோடு வானத்துல இருந்தா குதிச்சுது? புழுக் குழாயைத் தொட்ட கையோட இதையும் தொட்டிருக்கீங்க. உங்களோட மாரடிச்சே என் பாதி ஆயுசு போச்சு!”

பதினெட்டு வருஷ சர்வீஸ். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றும் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

எந்தக் குழாயிலிருந்து ஒட்டியது என்று ஆதாரத்தோடு எழுதிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. அதற்காகவே அந்தக் கோட்டின் மரபணுவையும் படிக்க அனுப்பினாள். முடிவு வந்தது. முதல் ஓடைப் புழுவோடு சேரவில்லை, இரண்டாவதோடும் சேரவில்லை. மூன்றாவதாக ஒரு தனி இனம். கூடத்திலேயே இல்லாத புழு எந்தக் கையிலிருந்து ஒட்டும்? அந்தச் சளியிலேயே இருந்திருக்க வேண்டும் என்று பட்டதும் உதவியாளரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்கயாவது நண்டு தின்னீங்களா?”

“போன வருஷம் நண்டு பிடிக்கப் போனப்ப மேடம்... வழியில இன்னொரு ஓடை. பசி தாங்கல. ரெண்டைச் சுட்டேன். சரியா வேகல.”

“புழுவைத் தேடிப் போன ஆளு, நண்டை அரைவேக்காடா தின்னீங்களா? உங்களை என்னன்னு சொல்றது!”

அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. நெஞ்சில் புழுவோடு நின்ற மனிதரை ஒரு மாதமாக வைதிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“புழு உங்க நுரையீரல்ல இருக்குண்ணே. பயப்படாதீங்க, மாத்திரையில சரியாயிடும்.”

அவர் பயந்ததாகவே தெரியவில்லை. முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

“அப்ப நான் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கேன், இல்லையா மேடம்?”