நாலு வென்ட்டை மூடியவள்

காகிதத் துண்டு அசையவில்லை. கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில் ஏசி காற்று இறங்கும் வென்ட்டில், காற்று வருகிறதா என்று பார்க்க பத்து நாளுக்கு முன்னால் அவள் ஒட்டிவைத்த துண்டு அது. முதல் நாள் படபடவென்று அடித்துக்கொண்டது. இப்போது சாமியாராகித் தொங்குகிறது. வெளியே நடுப்பகல் கொளுத்துகிறது. அவள் கணவனுக்கு வைத்த தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு புள்ளி நான்கு டிகிரி செல்சியஸ் காட்டியது.

வேறு யாருக்காவது என்றால் அது சாதாரணக் காய்ச்சல். இவர் இரண்டு வருடம் முன்னால் ஏணியிலிருந்து விழுந்து கழுத்து நொறுங்கியவர். கைகால் அசையாது, உடம்பு வேர்க்காது. வெக்கை உள்ளேயே தங்கிவிடும். முப்பத்தொன்பதைத் தொட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். போன கோடையில் அப்படிப் போனவர் நாற்பது நாள் கழித்துப் பாதி ஆளாகத் திரும்பினார். இன்னொரு முறை போனால் திரும்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

விழுவதற்கு முன்னால் அவர் ஏசி மெக்கானிக். சொன்னால் சிரிப்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் எல்லாரும் நாளை மறுநாள்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். ஆக, மூளை அவருடையது, கை அவளுடையது.

"ஃபில்டர்?"

"ஞாயித்துக்கிழமை கழுவினேன். இப்பவும் பார்த்தேன், பளிச்சுனு இருக்கு."

"வெளி யூனிட் சுத்துதா?"

"சுத்துது."

"மத்த வென்ட் எல்லாம் திறந்துதானே இருக்கு?"

"ம்... திறந்துதாங்க இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. வீடு முழுக்க ஒரே ஏசி மெஷின்தான்; பத்து நாளுக்கு முன்னால் வெயில் ஏறிய அன்றே மற்ற இடங்களில் இருந்த நான்கு வென்ட்டையும் அவள்தான் இறுக்கி மூடினாள், எல்லாக் காற்றும் அவருக்கே வரட்டும் என்று. ஆனால் வென்ட்டை மூடும் வாடிக்கையாளர்களை அவர் எப்படிக் கிழிப்பார் என்று எத்தனை வருடம் கேட்டிருக்கிறாள்! "மெஷின் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடச் சொல்றாங்க" என்பார்.

வெட்கத்தில் சொன்ன பொய் ஒரு மணி நேரத்தைத் தின்றது. மெஷினிலிருந்து வென்ட்டுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட் எங்காவது கிழிந்திருக்குமோ என்று ஏணியேறி டார்ச்சோடு கூரைக்குள் தவழ்ந்தாள். முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம். முப்பத்தெட்டு புள்ளி ஏழு.

"கூரைக்குள்ள மெஷினுக்கு வர்ற தடிக் குழாயைத் தொட்டுப் பாரு" என்றார்.

மறுபடி ஏணியேறித் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, ஐஸ் கட்டியிருக்கு!"

"உள்ளேயும் கட்டியிருக்கும். காத்து போக வழியில்லாம குளிர் அங்கேயே உறைஞ்சிருச்சு. ஃபில்டர் சுத்தம், டக்ட் கிழியல..."

அவள் இறங்கி வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"நான்தான் மூடினேன். நாலையும். வெயில் ஏறின அன்னிக்கே. உங்களுக்கு நிறைய வரட்டும்னு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"குளிரை அணைச்சுட்டு ஃபேனை மட்டும் ஓட விடு. எல்லாத்தையும் திற. ஐஸ் உருக ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"ரெண்டு மணி நேரம் ஏசி இல்லாமலா?"

"வேற வழியில்லம்மா."

நான்கையும் திறந்துவிட்டு ஓடிவந்தாள். வீட்டிலிருந்த துண்டு, வேட்டி, தலையணை உறை எல்லாவற்றையும் நனைத்து நனைத்து அவர் மேல் போட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. ஒரு கையில் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போன், ஒரு கையில் ஈரத்துணி. தன் கையாலேயே அவரைக் கொல்கிறோம் என்று நினைத்தாள்.

"திட்டுங்களேன்" என்றாள்.

"திட்டிட்டா துணி நனைக்க ஆளுக்கு எங்க போறது?" உதடு உலர்ந்திருந்தது. "எதெல்லாம் மூடின?"

"ஹால்ல ரெண்டு, சின்ன ரூம், சமையல்கட்டு."

"சமையல்கட்டா? இந்த வெயில்ல, அடுப்பு முன்னாடி, பத்து நாளாவா?"

"எனக்குத்தான் வேர்க்குமே."

அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுவரை ஓடியது. அவரால் துடைத்துக்கொள்ள முடியாது. அவள் துடைத்தாள்.

அப்போதுதான் காகிதத்தின் நுனி ஆடியது. நின்றது. மறுபடி ஆடி, பிறகு நிற்கவே இல்லை. மெஷினுக்குள் ஐஸ் முழுக்க உருகும்வரை இன்னும் அரை மணி நேரம் அவர் காத்திருக்கச் சொன்னார். தெர்மாமீட்டர் ஏறவில்லை.

"இப்ப குளிரைப் போடு. போட்டுட்டு சமையல்கட்டுக்குப் போய், காத்து வருதான்னு பாரு."

"முதல்ல உங்களுக்கு..."

"மெக்கானிக் சொல்றேன். போ."

போய் வென்ட்டுக்குக் கீழே நின்றாள். நனைந்த ரவிக்கை முதுகில் சில்லென்று ஒட்டியது.

"வருதுங்க!" என்று கத்தினாள்.

"அங்கேயே கொஞ்ச நேரம் நில்லு" என்றது அறையிலிருந்து அவர் குரல்.