கதவுக்கு இந்தப் பக்கம்

பாடகர் நெவில் டார்பி காலமானார் என்று செவ்வாய்க்கிழமை காலைச் செய்தியில் சொன்னார்கள். புதன்கிழமை மதியத்துக்குள் ஐரிஸ் வீட்டு வாசலில் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் பில்ஸ்டன் ஊரில் அந்தத் தெருவே மொத்தம் முப்பது வீடுதான். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். படியை விட்டு இறங்கினால் நடைபாதை. பூங்கொத்துகள் கதவை முட்டிக்கொண்டு கிடந்தன. யாரோ கிதார் கொண்டுவந்திருந்தார்கள். கிதார்ப் பலகையில் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. அவ்வளவுதான், தெரு முழுக்க அவருடைய பாட்டைப் பாட ஆரம்பித்துவிடும். ரோவீனா, கதவைத் திற.

ஐரிஸின் அக்கா ரோவீனா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு போட்டு, மேல் பொத்தான்வரை மாட்டி, கைப்பையை மடியில் வைத்திருந்தாள். எழுபத்துமூன்று வயது. இரண்டரை மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் ஊசி. போன மாதம் காய்ச்சலில் ஒன்று தவறிப்போயிருந்தது. இன்னொன்று தவறினால் போகிற பார்வை போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போதே யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம்தான் தெரிகிறது என்பாள். பின்பக்கம் சின்ன முற்றம், அதற்கப்பால் ரயில்பாதையின் உயரமான சுவர். வெளியே போவதற்கு வாசல் ஒன்றுதான்.

பாட்டில் வருவது நள்ளிரவு. கொட்டுகிற மழை. காதலி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட, அவன் நனைந்தபடி கெஞ்சிக்கொண்டு நிற்கிறான். ஆனால் இதே வீட்டில் நிஜமாக நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். அப்பாவும் அம்மாவும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். பதின்மூன்று வயது ஐரிஸ் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அக்காவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதற்கு முந்தின வாரம் நெவில் முறுக்கியது. ரோவீனா கதவில் முதுகைக் கொடுத்து, கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டு தரையில் கிடந்தாள். அவன் மூன்று தடவை தட்டுவான், கொஞ்சம் பொறுப்பான், மறுபடி தட்டுவான். பிறகு உதைக்க ஆரம்பித்தான். அடிப்பலகை விண்டு, பூட்ஸின் முனை உள்ளே வந்து போனது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து சிரித்துக்கொண்டே, "திறந்துவிடு கண்ணு, பாவம் பையன்" என்றார்.

அடுத்த வருஷம் பாட்டு வந்தது. லண்டன் ஸ்டூடியோவில் நிஜக் கதவு ஒன்றை நிறுத்தி, அதைத் தட்டித்தான் ஆரம்பத்தைப் பதிவு செய்தார்களாம். ஆறு வாரம் முதலிடம். அதற்கப்புறம் அது எங்கேதான் இல்லை? கால்பந்து மைதானத்தில் கோல் விழுந்தால் நாற்பதாயிரம் பேர் பாடினார்கள். கார் விளம்பரத்தில் வந்தது. கல்யாணத்தில் கடைசி ஆட்டம் அதற்குத்தான். டார்பி ஏதோ பேட்டியில் தெருவின் பெயரைச் சொல்லிவிட, எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து கதவைத் தட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரோவீனா வேல்ஸில் சித்தி வீட்டுக்குப் போய், ரோவீனாவை விட்டுவிட்டு நடுப்பெயரையே பெயராக வைத்துக்கொண்டு, ஒரு ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவர் போன பிறகு, இரண்டு வருஷம் முன்பு தங்கையிடம் வந்து சேர்ந்தாள். பாட்டைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பள்ளிக்கூட நடனத்தில் புது கவுன் போட்டுக்கொண்டு தானும் அதற்கு ஆடியதை ஐரிஸ் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்றரை மணிக்கு டாக்சிக்காரன் ஹர்ஜித் போன் செய்தான். "ஆண்ட்டி, தெரு முனையிலேயே போலீஸ் மறிச்சுட்டாங்க. நான் இங்கதான் நிக்கிறேன். நடந்து வந்துடுறீங்களா? ஒரு அம்பது அடிதான்."

"நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்" என்றாள் ஐரிஸ். ரோவீனா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய், சாமான் அறைக்குள் நின்றுகொண்டாள்.

கதவு திறந்ததும் தெரு ஆரவாரித்தது. கைதட்டினார்கள். செல்போன்கள் உயர்ந்தன. "நீங்கதான் ரோவீனாவா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஐரிஸ் கதவைச் சாத்திக்கொண்டு படியில் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்க. உள்ள உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க."

முன்னால் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நகர்ந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்குக் காது கேட்கவில்லை. மூன்று தட்டு விழுந்தது. பாட்டு மறுபடி கிளம்பிவிட்டது. பூங்கொத்தோடு முதல் வரிசையில் நின்ற பெண்ணின் கையை ஐரிஸ் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி முகம்.

"இங்க பாரும்மா, அந்த ஆளு பாடின மாதிரி எல்லாம் ஒண்ணும் நடக்கல. நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு பயந்துபோய்த்தான் சாத்தினா. அவன் அவ கையை..."

"என் வீட்டுக்காரர் மூணு வாரம் நினைவில்லாமக் கிடந்தாரு" என்றாள் அந்தப் பெண். ஐரிஸ் சொன்னது அவள் காதில் விழுந்ததா, தெரியவில்லை. "தினமும் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து இதைத்தான் பாடுவேன். கதவைத் திற, கதவைத் திறன்னு. ஒருநாள் கண்ணைத் திறந்தாருங்க. ரெண்டே நிமிஷம். என்னைப் பார்த்துட்டுப் போனாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க" என்றாள்.

ஐரிஸ் அவள் கையை விட்டாள். "ஒண்ணுமில்ல" என்றாள். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாள்.

"சொன்னியா?" ரோவீனா நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள்.

"ஆரம்பிச்சேன். அந்தம்மா அழுதுட்டா."

"பாவம்." ரோவீனா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

"தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கோ. என் கையைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு வந்துடு. நீதான்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடி." ரோவீனா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "திற, திறன்னு அவங்க பாடுவாங்க, நான் திறந்துக்கிட்டு வெளிய போகணுமா?"

"கண்ணு போயிடும், ரோ."

"தெரியும்."

ஹர்ஜித் மறுபடி கூப்பிட்டான். போலீஸ் அங்கே நிற்கக் கூடாது என்கிறார்களாம். ஐரிஸ் அவனைப் போகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அடுத்த இடம் ஆறு வாரம் கழித்துத்தான் என்றாள் அங்கிருந்த பெண். வர முடியாததற்குக் காரணம் கேட்டாள், எழுத வேண்டுமாம். ஐரிஸ் கொஞ்சம் யோசித்து, "வாசல்ல கூட்டம்" என்றாள்.

ரோவீனா கோட்டைக் கழற்றவில்லை. வெளியே குரல்கள் பெருகிக்கொண்டே போயின. கொண்டை போட்டவர்களும் கிழிந்த ஜீன்ஸ் போட்டவர்களுமாக, வயதான தொண்டைகளும் சின்னத் தொண்டைகளும் சேர்ந்து ஒரே குரலாகி, ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. நன்றாகத்தான் பாடினார்கள். ஐரிஸ் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ரோவீனாவின் வலது கை மேஜைமேல் இருந்தது. ஆள்காட்டி விரல் மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது, கொஞ்சமும் தாளம் தப்பாமல். ரோவீனா தலையைச் சாய்த்து, பார்வையின் ஓரத்தால் அந்த விரலைக் கண்டாள். இடது கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். அந்தக் கைக்கு அடியில் அது இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.