குடுத்தாச்சு

"அங்க வந்து என்னை மச்சான்னு கூப்பிடாத பதுரு."

"பின்ன எப்படிக் கூப்பிடுறதாம்? பேரச் சொல்லியா?"

"கூப்பிடாமயே இரேன். வேணும்னா கையைத் தூக்கு. நான் பாத்துக்கிறேன்."

ஆறு மாதங்களுக்கு முன்பு, செம்பவாங்கிலிருந்து ஜாலான் புசாருக்குத் திரும்பும்போது காருக்குள் நடந்த பேச்சு இது. அதற்குப் பிறகு பதுருன்னிசா சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நெய்னா முகம்மது நினைத்தார்.

அன்றுதான் அவள் முதன்முறையாக அவருடன் கோல்ஃப் ஆட வந்திருந்தாள். இரண்டாவது குழியில் அடித்த பந்து எங்கே போனது என்று தெரியாமல், "மச்சான், என் பந்து எங்க போச்சு?" என்று குரல் கொடுத்தாள். ஆறு ஆண்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரும் மச்சான்தான். "எந்த மச்சான் அண்ணி? இங்க ஆறு பேரு இருக்கோமே" என்று அசோக் கேட்டார். திடலே சிரித்தது. நெய்னாவும் சிரித்தார், ஆனால் காது மடல் இரண்டும் எரிந்தன. கல்யாணமாகி முப்பத்தாறு வருடங்களில் அவள் அவரை வேறு சொல்லால் அழைத்ததில்லை. அந்தச் சொல்லைத்தான் அவர் காருக்குள் வைத்துப் பறித்துக்கொண்டார். பிறகு அவள் திடலில் அவரை எப்படியும் அழைக்கவில்லை. சில சமயம் கையைத் தூக்கியிருப்பாள். முன்னால் நடக்கிறவருக்குப் பின்னால் தூக்கிய கை எப்படித் தெரியும்?

ஆறு பேரும் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இந்த ஒன்பது குழித் திடலுக்கு வருவார்கள். ஒன்றாகச் சேர்ந்து ஆடும் குழுவுக்கு இங்கே 'ஃபிளைட்' என்று பெயர். ஒரு ஃபிளைட்டுக்கு நான்கு பேர் என்பது விதி. ஆனால் இவர்கள் நால்வராகத் தொடங்கி, ஒவ்வொருவராக ஓய்வு பெற ஐந்தாகி, ஆறாகிவிட்டது. பிரிந்து ஆடலாம் என்று யாராவது சொன்னால், "ஓவர்லோடு நமக்கு என்ன புதுசா? கார்கோல பாக்காததா?" என்பார் அசோக். அப்புறம் பதுருன்னிசா வந்தாள், ஏழானது. மகள் ஷமீமாதான் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பயிற்சி வகுப்பு வாங்கிக் கொடுத்து, ஒரு வெள்ளைக் கையுறையையும் மாட்டி அனுப்பிவைத்தாள்.

இவ்வளவு பெரிய கூட்டம் நகர வேண்டுமென்றால் சில ஏற்பாடுகள் வேண்டும். யார் தயாரோ அவர் முதலில் அடிப்பார், முறை பார்ப்பதில்லை. காணாமல் போன பந்தை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக்கூடாது. மிக முக்கியமானது மூன்றாவது ஏற்பாடு. குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டியிருக்கும் கிரீனில், பந்து குழிக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் வந்துவிட்டால், யாராவது ஒருவர் "குடுத்தாச்சு" என்பார். அதாவது, போட்டதாக வைத்துக்கொள்ளலாம், பந்தை எடுத்துக்கொண்டு நகரு. நண்பர்களுக்குள் அது ஒரு சலுகை. ஒரு மரியாதை என்றுகூடச் சொல்லலாம்.

பதுருன்னிசா விஷயத்தில் அந்த மட்டையின் நீளம் வளர்ந்துகொண்டே போயிற்று. முதல் வாரம் ஒரு மட்டை. அடுத்த மாதம் இரண்டு. பிறகு அவள் பந்து கிரீனின் ஓரத்தைத் தொட்டாலே போதும், நெய்னா பின்னால் காத்து நிற்பவர்களைப் பார்த்துவிட்டு, "குடுத்தாச்சு, குடுத்தாச்சு. எடு பதுரு" என்றுவிடுவார். அவள் குனிந்து எடுத்துக்கொள்வாள். ஆறு மாதத்தில் அவள் ஒரு குழியைக்கூட முடித்ததில்லை.

ஒருநாள் அவள் சமையலறையில் போனில் ஷமீமாவிடம் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. "குழிக்குள்ள பந்து விழுந்தா ஒரு சத்தம் வரும் பாரு, ஏலக்கா டப்பால ஏலக்காயப் போட்ட மாதிரி. எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும் குடுத்துடுறாங்கடி. ஒரே ஒரு தடவ நானா போட்டு முடிக்கணும். உன் வாப்பாகிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது." நெய்னா ஓசைப்படாமல் கூடத்துக்குத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் காரில் அவள் தொண்டையைச் செருமினால் அவருக்குத் திக்கென்றது. கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காத வரைக்கும் தெரியாதவராக இருக்கலாம். அவளும் கேட்கவில்லை.

இன்று ஐந்தாவது குழியில் அவள் நன்றாக ஆடினாள். ஆறே அடியில் அவளுடைய மஞ்சள் பந்து கிரீனில் ஏறி, குழிக்கு மூன்று எட்டு தூரத்தில் நின்றது. மற்ற ஆறு பேரும் முடித்துவிட்டார்கள். ஏனோ யாரும் அந்தச் சொல்லை உடனே சொல்லவில்லை. பதுருன்னிசா பந்துக்குப் பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழியைப் பார்த்தாள். பஃபலோ ரோட்டில் ஒரு தையல் கடையில் இருபது வருடம் பள்ளிச் சீருடை தைத்தவள். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். எழுந்து நெய்னாவைப் பார்த்தாள். நெய்னா அவளைப் பார்க்காமல் பின்னால் பார்த்தார். தூரத்தில் நான்கு இளைஞர்கள் மட்டையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு மார்ஷலின் சிறிய வண்டி வந்தது.

ஆட்டத்தின் வேகத்தைக் கவனிக்கிற பழைய மார்ஷல் இவர்களுக்குப் பழக்கமானவர், கண்டுகொள்ள மாட்டார். இவர் புதியவர், நடுவயது மலாய்க்காரர். வண்டியை விட்டு இறங்காமலே விரலால் எண்ணினார்.

"அங்கிள், பிஹைண்ட் கம்பிளெய்ண்ட் லா. சிக்ஸ், ஐ குளோஸ் ஒன் ஐ. செவன் கேனாட்." ஆறு பேர் என்றால் ஒரு கண்ணை மூடிக்கொள்வாராம், ஏழு முடியாதாம்.

நெய்னாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாக்கில் தயாராக வைத்திருந்ததைப்போல் வந்தது.

"சிக்ஸ் ஒன்லி. மை ஒய்ஃப் நாட் பிளேயிங். ஷி ஜஸ்ட் ஃபாலோ."

மார்ஷல் பதுருன்னிசாவைப் பார்த்தார். அவள் கையிலிருந்த மட்டையை, கையுறையை, புல்லில் கிடந்த மஞ்சள் பந்தை. அவர் அடுத்ததாக எதையாவது கேட்பதற்குள் அவள் குனிந்து பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மட்டையைத் தரையில் ஊன்றுகோல்போல ஊன்றி, அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

"ஓகே ஆன்ட்டி. என்ஜாய் யுவர் வாக்" என்று மிகவும் அன்பாகச் சொல்லிவிட்டு மார்ஷல் வண்டியைத் திருப்பினார்.

அசோக் தன் மட்டைப் பையை இழுத்துவரும் டிராலியின் சக்கரத்தில் ஒட்டிய புல்லை எடுத்துக்கொண்டிருந்தார். பதுருன்னிசா கையுறையை ஒவ்வொரு விரலாக உருவி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். தான் பொய் சொன்னதுகூட நெய்னாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பொய்யிலிருந்து அவரைக் காப்பாற்ற அவள் ஒரு நொடிகூடத் தயங்காமல் குனிந்தாளே, அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

ஆறாவது குழிக்கு நடக்கும்போது ரவூப் பக்கத்தில் வந்தார். கூட்டத்திலேயே குறைவாகப் பேசுகிறவர், பதுருன்னிசாவை அக்கா முறையில் லாத்தா என்று அழைப்பவர்.

"நாலு, மூணுன்னு பிரிஞ்சிருக்கலாமே மச்சான்."

"ம்?"

"ஏழு பேரு கூடாதுன்னுதானே சொன்னான். ரெண்டு ஃபிளைட்டா பிரிஞ்சு போறோம்னு சொல்லியிருக்கலாம். நானும் லாத்தாவும் பின்னாடி வந்திருப்போம்."

ரவூப் அதை ஒரு கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார், குற்றம் சாட்டவில்லை. நெய்னாவின் காதுகள் மறுபடியும் எரியத் தொடங்கின. பிரியலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏழில் ஒன்று போக வேண்டும் என்றதும், எந்த ஒன்று என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அதன் பிறகு அவள் அவர்களுக்கு வேலை செய்தாள். யாரும் சொல்லவில்லை. மணல் பள்ளத்தில் பதிந்த காலடிகளைக் பல்வைத்த வாரியால் சமப்படுத்தினாள். கிரீனில் குழிக்குள் நட்டிருக்கும் கொடியைப் பிடுங்கி ஓரமாக நின்று, கடைசிப் பந்து விழுந்ததும் திரும்ப நட்டாள். "அண்ணி, நீங்க விடுங்க" என்று அசோக் இரண்டு முறை சொன்னார். "சும்மாதானே நடக்க வந்தேன்" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று நெய்னா அவள் முகத்தில் தேடினார். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாவது குழியில் அசோக்கின் பந்து லாலாங் புல்லுக்குள் போனது. மூன்று நிமிட ஏற்பாடு எப்போதும்போல் மறந்துபோய், ஆறு பேரும் புல்லை விலக்கிக்கொண்டே யாரோ ஒருவரின் சம்பந்தி வீட்டுச் சண்டையைப் பேசி முடித்தார்கள். பதினொரு நிமிடம். நெய்னா இந்தத் திடலில் முதல் தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்தார். அந்தக் குழிக்கு ஆனது இருபத்தாறு நிமிடம். யோசித்துக் கணக்கிட்டால், அவள் ஆடிய ஐந்தாவது குழிக்கு இருபத்திரண்டுதான் ஆகியிருக்கும். ஏழாவதுக்கு இருபத்தைந்து. எட்டாவதை நெருங்கும்போது தூரத்தில் மார்ஷல் வண்டியை நிறுத்தி, தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

அப்போது அவருக்குத் தேக்கா சந்தையில் காய் வாங்கிவிட்டுச் சிராங்கூன் சாலையைக் கடக்கும் ஞாபகம் வந்தது. சிக்னலில் பச்சை மனிதன் மினுக்கத் தொடங்கினாலும் அவர் விறுவிறுவென்று கடந்துவிடுவார். மறுபக்கம் போய்த் திரும்பினால் அவள் அந்தக் கரையிலேயே மீன் பையும் கறிவேப்பிலையுமாக நிற்பாள். நடுவில் பேருந்துகள் போகும். "கொஞ்சம் வேகமா வரக்கூடாதா?" என்று இங்கிருந்தே கையை ஆட்டுவார். ஒருமுறை கம்பெனி விருந்தில் மேலதிகாரி அவளிடம், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நெய்னா "ஹவுஸ்வைஃப்" என்று முடித்துவைத்தார். அந்த வாரம் அவள் நானூறு சட்டைகளுக்குக் காலர் வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் தடுமாறுவாளே என்று அவளுக்கு உதவியதாகத்தான் இத்தனை வருடமும் அதை நினைத்து வைத்திருந்தார். அதுவும் ஒரு குடுத்தாச்சுதான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். காரில் கேட்கலாம். இல்லை, வீட்டுக்குப் போய், டீ குடிக்கும்போது. இந்த ஐந்து பேருக்கு முன்னால் எப்படிக் கேட்பது? இவர்கள் முன்னால்தான் சொல்லப்பட்டது, இவர்கள் முன்னால்தான் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே டிராலியை இழுத்தார்.

ஒன்பதாவது கிரீனில் எல்லாரும் முடித்தார்கள். கடைசிக் குழி முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்குவது வழக்கம். ஆறு பேரும் குலுக்கிக்கொண்டார்கள். ரவூப் மட்டும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற பதுருன்னிசாவிடம் போய், நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தி, "வர்றேன் லாத்தா" என்றார். பின்னால் அந்த நான்கு இளைஞர்களும் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்கள்.

"வாங்க வாங்க, பின்னாடி நிக்கிறாங்க பாருங்க" என்று நெய்னா பொதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவள் கொடியை நட்டுவிட்டு வருவாள். கொடிக்கம்பு குழிக்குள் இறங்கும் சத்தத்தை அவர் காது எதிர்பார்த்தது. ஐந்தெட்டு, பத்தெட்டு. அது கேட்கவில்லை.

"மச்சான்!"

ஐந்து பேரும் திரும்பினார்கள். நெய்னா மட்டும் திரும்பாமல் ஒரு கணம் நின்றார். இந்தத் திடலில் அந்தக் குரலில் அந்தச் சொல் ஆறு மாதத்துக்குப் பிறகு. எந்த மச்சான் என்று அசோக் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேரும் அவளை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

அவர் திரும்பினார். கொடி புல்லின் மேல் படுத்திருந்தது. குழியிலிருந்து மூன்று எட்டுத் தள்ளி, ஐந்தாவது கிரீனில் கிடந்த அதே தூரத்தில், மஞ்சள் பந்து இருந்தது. அதன் பக்கத்தில் அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக நுழைத்தாள். அவசரப்படவில்லை.

"உங்களத்தான் மச்சான்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் பின்னால் நின்ற இளைஞர்கள் வரைக்கும் கேட்டிருக்கும். "கொஞ்சம் நில்லுங்க. இத நான் போட்டு முடிக்கணும். விழுந்தாலும் சரி, விழாட்டாலும் சரி, திரும்பத் திரும்பப் போட்டாவது முடிக்கணும். யாரும் குடுக்காதீங்க. நான் முடிக்கிற வரைக்கும் எனக்காக நில்லுங்க."

டிராலியின் கைப்பிடியிலிருந்து நெய்னாவின் கை நழுவியது. வளைவுக்கு அப்பால் மார்ஷலின் வண்டி வரும் சத்தம் கேட்டது. பதுருன்னிசா பந்துக்குப் பின்னால் குந்தி, நூல் கோப்பவளைப்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழியைப் பார்த்தாள்.