சாக்கில் தைத்த டிரங்குப் பெட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிடைத்தது, அதுவும் வடைக்கு ஆசைப்பட்டுப் போன இடத்தில். வெளிநாட்டுக் கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு ஆலோசனைக் கூட்டம் என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். மேடையில் கோட்டுப் போட்ட ஒரு தம்பி, குளிருக்கு என்ன உடுத்துவது, பெட்டியில் எதை வைப்பது, எதை வைத்தால் பிடுங்கி எறிவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பெற்றோர்கள் மும்முரமாகக் குறித்துக்கொண்டார்கள். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் சொல்ல ஆளில்லாத காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒருத்தி கிளம்பியிருந்தால் என்ன பாடு பட்டிருப்பாள் என்று யோசித்தேன்.

ஒருத்தி என்று நினைத்ததுதான் தாமதம், வந்து உட்கார்ந்துவிட்டாள். பெயர் ஞானசெல்வி. ஊர் போடி கடைவீதி. வருஷம் 1936. அப்படி யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் போவதில்லை.

2

முதல் தொடக்கம்: "மேற்கு மலையின் மடியில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த—"

(வேண்டாம். பனியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பெண் கப்பலைத் தவறவிட்டுவிடுவாள்.)

இரண்டாவது: "ஞானசெல்வி அழுதாள்."

(பொய். அவள் அழுகிற ரகமே இல்லை.)

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்: ஞானசெல்வி முள்கரண்டியால் இட்லியைக் குத்தினாள். அது தட்டைத் தாண்டிப் போய் அப்பாவின் மடியில் விழுந்தது.

"மெதுவா ஆத்தா, வேட்டைக்கா போற?" என்றார் அப்பா பொன்னுராஜ். போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் அவருக்கு.

"அங்கன இட்லி இருக்காதுப்பா. இருக்கறதை வச்சுத்தான பழக முடியும்."

அம்மா ஜெபராணி சாம்பாரை ஊற்றினாள். சாம்பார் என்று பேர்தான். மிளகாயைக் குறைத்துக் குறைத்து, அது பருப்புத் தண்ணியாகிவிட்டிருந்தது.

"அந்த ஊர்ல ஒறப்பே கெடையாதுன்னு பாதிரியார் வீட்டம்மா சொன்னாக. இப்பவே நாக்கைப் பழக்கணும்."

"போறது அவ. நான் என்ன பாவம் பண்ணுனேன்?" என்றார் பொன்னுராஜ்.

3

போகிற இடம் ஸ்காட்லாந்து. படிப்பு, கணக்கு. மதராஸில் பி.ஏ. முடித்தவளுக்கு மிஷன் உதவியில் இடம் கிடைத்திருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் நேரில் வந்து சேராவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும் என்று கல்லூரியில் எழுதியிருந்தார்கள். அந்தத் தேதிக்குப் போய்ச் சேர ஒரே ஒரு கப்பல்தான் தோதாக இருந்தது.

இந்தப் பக்கம் கம்பத்தில் கடை வைத்திருந்த ஜெபராணியின் அண்ணன் வைகுண்டராஜ், தன் மகனுக்கு ஞானசெல்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜெபராணி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்: இந்த வருஷம் கப்பல் ஏறிவிட்டால் கேட்கக் கூடாது, ஏறாவிட்டால் கிறிஸ்மஸ் கழிந்ததும் கல்யாணம். ஆகவே வாசகரே, விஷயம் இவ்வளவுதான். கப்பல் போனால் கணக்கும் போச்சு.

அதனால் வீடே தயாரானது. மூணாறு எஸ்டேட்டில் ஒரு துரைசாணி சொந்த ஊருக்குத் திரும்பும்போது விற்ற கம்பளிக் கோட்டு வந்தது. அவள் ஞானசெல்வியைப் போல இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும்; தையற்காரர் சுயம்புலிங்கம் அதை ஆட்டை உரிப்பதுபோல் உரித்துச் சின்னதாக்கினார். அம்மை ஊசி போட்ட கை வீங்கியது. பூட்ஸ் பழக ஞானசெல்வி சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நடந்தாள். குதிகால் தோல் உரிந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி நடந்தாள். விடியுமுன்னே கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பல் கிட்டிப்போய், "இதுதான் ஸ்காட்லாந்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

(அது ஸ்காட்லாந்தே இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

4

இங்கே ஒரு சங்கடம். பொன்னுராஜைக் கெட்ட அப்பாவாக எழுதத்தான் உத்தேசித்திருந்தேன். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குச் சீமைப் படிப்பு என்று பொன்னுராஜ் கர்—" என்பது வரை எழுதியாகிவிட்டது. மனிதர் கர்ஜிக்கவே மாட்டேன் என்கிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மக கணக்குப் படிக்கச் சீமைக்குப் போறா. நம்ம கடைக் கணக்கே பத்தலையாம் அவளுக்கு" என்று சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்.

சரி, நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். நல்லவர்களும் காரியத்தைக் கெடுப்பார்கள். அதற்குத்தான் அடுத்த பகுதி.

5

டிரங்குப் பெட்டி வந்தது. தகரப் பெட்டி, பச்சை நிறம். மூடியில் வெள்ளைச் சாயத்தால் தன் பெயரையும் போகும் ஊரையும் ஞானசெல்வி அழகாக எழுதினாள். கோட்டு, கம்பளிகள், பூட்ஸ், காலுறைகள், புத்தகங்கள் எல்லாம் உள்ளே போயின. பொன்னுராஜுக்கு மனம் ஆறவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கிட்டங்கியில் மூட்டை தைக்கும் ராக்கையாவைக் கூப்பிட்டார்.

"ராக்கையா, நம்ம சரக்கு எங்கிட்டுப் போனாலும் ஒரு காய் சிந்தியிருக்கா?"

"சிந்துனதில்ல மொதலாளி."

"அப்ப எம் மக பெட்டியும் அப்படித்தான் போகணும்."

ராக்கையா பெட்டிக்கு இரட்டைச் சாக்குப் போர்த்தி, கோணி ஊசியால் இறுக்கித் தைத்தார். பொன்னுராஜ் தகர அச்சை வைத்து, கறுப்பு மையைத் தோய்த்து, நாலு பக்கமும் கடை முத்திரையைக் குத்தினார். வட்டத்துக்குள் ஒரு நங்கூரம்.

"பேரு உள்ள மறைஞ்சிருச்சேப்பா."

"பேரை எவன் வாசிக்கப் போறான் ஆத்தா? நங்கூரத்தைக் கண்டா மதுரைக் கூலிக்காரவுகளுக்கெல்லாம் தெரியும்."

(தெரியும். அதுதான் வினை. நீங்கள் இப்போது சத்தம் போட நினைக்கிறீர்கள், எனக்குக் கேட்கிறது. அவர்களுக்குக் கேட்காது.)

6

மதுரை ஸ்டேஷன். அழுது முடித்த ஜெபராணி போடியிலேயே நின்றுவிட்டாள். அப்பாவும் மகளும் மட்டும் இறங்கினார்கள். கொழும்புக்குப் போய்க் கப்பல் பிடிக்க வேண்டிய தனுஷ்கோடி வண்டி எதிர் பிளாட்பாரத்தில் தயாராக நின்றது. கப்பலில் கூடவே வரப்போகும் மிஷன் அம்மா, ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டுக் கையை அசைத்தாள்.

அந்தம்மாவிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து, போடி வண்டியில் சாமான் ஏற்றும் பெட்டியைத் திறந்தால் டிரங்கு இல்லை.

"நங்கூரம் போட்ட கட்டுகளா?" என்றார் கூலிக்காரர். "மூட்டையெல்லாம் தூத்துக்குடிக்கு மாத்தியாச்சே. எப்பவும் அங்கதான போகும்? அந்த வண்டி கெளம்பிருச்சே ஐயா."

அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கு அதே வண்டியில் பொன்னுராஜ் கடை ஏலக்காயும் வந்திருந்தது. எல்லாம் ஒரே சாக்கு, ஒரே முத்திரை.

பொன்னுராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலயே குத்துனேனே ஆத்தா." மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "வா, வீட்டுக்குப் போவோம். பெட்டி திரும்பி வரட்டும். அடுத்த கப்பல்ல போகலாம்."

"அடுத்த கப்பல்னா இடம் போயிரும். இடம் போனா கிறிஸ்மஸ் கழிஞ்சதும் கல்யாணம். தெரியாத மாதிரி பேசாதீகப்பா."

"கட்டுன சேலையோட அந்தக் குளிர்ல போயி எறங்குவியா? செத்துப்போவ."

"அங்கன பொறந்தவுக எல்லாம் பெட்டியோடயா பொறந்தாக? கொழும்புல ஒரு கம்பளி வாங்கிக்கிறேன். மிச்சத்தைப் போயிப் பாத்துக்கிறேன்."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் பழகியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டதாகத் தோன்றியது. ஆனாலும் உரிந்த குதிகால் செருப்புக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது தூத்துக்குடிக்குப் போகவில்லை.

7

முடிவு ஒன்று: தூத்துக்குடி வண்டி திருப்பரங்குன்றத்தில் நிற்க, ஒரு புண்ணியவான் பெட்டியை ஜட்காவில் போட்டுக்கொண்டு— எழுதினேன், கிழித்தேன். புண்ணியவான்களை இப்படி வேண்டிய நேரத்தில் இறக்குகிறவன் கதை எழுதக் கூடாது.

முடிவு இரண்டு: அவள் ஓடிப்போய் வண்டியில் ஏறிவிடுகிறாள். ஏறலாம்தான். ஆனால் பாஸ்போர்ட்டும் கப்பல் சீட்டும் பொன்னுராஜின் உள்சட்டைப் பையில் இருக்கின்றன. அவரிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடுகிறவள் இல்லை அவள். அவர் கொடுத்துத்தான் வாங்குவாள்.

முடிவு மூன்று: "ஞானசெல்வி தலைகுனிந்து திரும்பி நடந்—" இந்த வாக்கியத்தை எத்தனை தரம் எழுதினாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவள் திரும்ப மாட்டேன் என்கிறாள்.

"சீட்டைக் குடுங்கப்பா" என்று கையை நீட்டுகிறாள்.

பொன்னுராஜின் கை சட்டைப்பையின்மேல் இருக்கிறது. அந்தக் கையை உள்ளே விட வைக்கவும், அப்படியே வைத்திருக்கச் செய்யவும் என்னால் முடியும். ஆனால் நான் பெண்ணைப் பெறாதவன். ஒற்றைச் சேலையோடு மகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, அவள் அம்மாவின் முகத்தில் போய் விழிக்கப் போகிறவன் நானில்லை. எட்ட நின்று நல்ல வார்த்தை சொல்வது எனக்குச் சுலபம். அதனால்தான் எனக்கு அந்த உரிமை இல்லை என்று முடிவு செய்தேன்.

ஆகவே, மன்னிக்க வேண்டும், சீட்டும் பாஸ்போர்ட்டும் இருக்கிற அந்தச் சட்டையை உங்களுக்குப் போட்டுவிட்டேன். கார்டு பச்சைக்கொடியை விரித்துவிட்டார். மிஷன் அம்மா எழுந்து கதவருகே வந்துவிட்டாள். ஞானசெல்வி நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"அப்பா" என்கிறாள்.

உங்களைத்தான்.