பசை தடவாத தாள்

ஏழாயிரம்பண்ணைக்கு வேனில் வந்திறங்கிய கழிவுத்தாள் கட்டைப் பிரித்து, வெடிக்குழாய் உருட்ட உட்கார்ந்தாள் வெள்ளைத்தாய். சிவகாசி அச்சகத்தில் மை பிசிறி ஒதுக்கிய தாள்கள். பசையில் விரலை விட்டவளுக்கு ஒரு வரி கண்ணில் பட்டது.

‘என் அம்மா மூன்று முறை கை கழுவித்தான் சோறு பிசைவாள். அப்படியும் பசையில் கலந்த மருந்தின் கசப்பு போயிற்றா என்று முதல் கவளத்தைத் தானே தின்று பார்த்த பிறகுதான் எனக்கு ஊட்டுவாள்.’

அது அவள் வீட்டுச் சோறு. எழுதியவள் அவள் மகள் பொன்மணி. எம்.ஏ. ஆய்வேட்டுக்காக எழுதி, ஒரு படியைத் திருத்தித் தரச் சொல்லிப் பேராசிரியரிடம் கொடுத்திருந்தாள். ஏட்டை முடித்து ஒப்படைப்பதற்குள், விடுமுறை நாளில் வேலைக்குப் போன பட்டாசு ஆலையில் போன ஆடியில் கருகிப்போனாள். தாளின் உச்சியிலோ நூலாசிரியராக அந்தப் பேராசிரியரின் பெயர் அச்சாகியிருந்தது.

மறுநாள் தாளோடு, மகள் படித்த கல்லூரிக்கு, விருதுநகர் பஸ் ஏறினாள். கல்லூரி முதல்வர் சீனிவாசகம் தாளை இரண்டு முறை படித்தார். பேராசிரியரைப் போனில் விசாரித்தார்.

“மாணவர் எழுதினதுக்குப் பதிப்புரிமை மாணவருக்குத்தாம்மா. எங்க விதியிலேயே இருக்கு. ஆனா பிள்ளை ஒண்ணுமே எழுதித் தரலைங்காரு அவரு. அவ கைப்பட எழுதுன நோட்டு இருக்கா? ஒண்ணு போதும், புஸ்தகத்தையே நிறுத்திப்புடலாம்.”

“ஏழு நோட்டு இருந்துச்சுங்கய்யா.”

“அப்புறமென்ன? கொண்டாங்க.”

அவள் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு எழுந்தாள். தீபாவளி சீசனில் கட்டு வராத ஒரு வாரம், அந்த எழுத்தைப் பார்க்கச் சகியாமல், ஏழையும் கிழித்துக் குழாயாக உருட்டிப் போட்டவள் அவள்தான்.

ஊர் திரும்பியதும், குழாய் வாங்கும் முனியராஜின் கொட்டகைக்கு ஓடினாள்.

“கொளுந்தனாரே, போன சீசன்ல நான் உருட்டுன நோட்டுத்தாள் குழாயில ஒண்ணாச்சும் மிச்சம் கெடக்கா?”

“நல்லாக் கேட்டீக மதினி! அம்புட்டும் மருந்து அடைச்சு, போன தீவாளிக்கே வெடிச்சிருக்கும்லா?” சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “எதுக்குக் கேக்கீக?”

அவள் மூலையில் குவிந்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அச்செழுத்து.

வீட்டில் கட்டு பிரித்தபடியே கிடந்தது. பசை காய்ந்து ஆடை கட்டியிருந்தது. அந்த ஒற்றைத் தாளை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். பிறகு மீதித் தாள்களை மடியில் போட்டு, ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிக்கத் தொடங்கினாள்.

குழாய் ஏற்ற வேன் வந்து ஹாரன் அடித்தபோது ஒரு குழாய்கூட உருட்டியிருக்கவில்லை.